வில்லும் வண்டியும்

பாரம் ஏற்றிச் செல்லும் ஊர்தி எதுவாயினும், அதற்கும் வழியிலுள்ள மேடு பள்ளங்களுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சக்கரம் நிலத்தின் போக்கிலேயே ஏறி இறங்குதல் வேண்டும். மேலே அமர்ந்திருப்பவரோ அசையாதிருக்க விரும்புவர். இவ்விரு தரத்தாருக்கும் நடுவே நின்று வழக்கைத் தீர்த்து வைப்பது வில். எமது பாலக்கோட்டுப் பக்கத்தில் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிக்கு வில் கிடையாது. மூட்டைக்கு இடுப்பு வலி இல்லை அன்றோ? பெண்டிரும் முதியோரும் ஏறிச் செல்லும் கூண்டு வண்டிக்கு மட்டும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அச்சின்மேல் பொருத்தி, அதனை வில்வண்டி என்று நம் முன்னோர் அழைத்தனர். இங்கிலாந்து தேசத்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டில் இத்தகைய பட்டை வில்லைக் குதிரை வண்டிகளுக்குப் பொருத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் 'துள்ளுவது' என்னும் பொருளுடையது; நாம் இட்ட பெயரோ வளைந்து நிமிரும் அதன் தன்மையைக் காட்டுவது. பெயரிடுவதில் நம்மவரே வென்றனர் என்பது எமது துணிபு.

பட்டை வில்லாயினும் சுருள் வில்லாயினும், அதனோடு சேர்ந்த கைகள், இரப்பர் புஷ்கள், அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் ஆகிய அனைத்தையும் கூட்டி இக்காலத்தார் சஸ்பென்ஷன் என்பர். யாம் இக்கட்டுரையில் அதனை வில்லமைப்பு என்றே வழங்குவோம். பின்சக்கரத்தால் உந்தப்படும் பழைய கார் ஒன்றின் வில்லமைப்பைச் செம்மை செய்யப் புகும் புதியவர் எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளில் எமக்கு அக்கறை பிறந்த காரணத்தையும் கூறிவிடுதல் முறை. எம் தந்தையார் 1994-இல் வாங்கிய கான்டெஸ்ஸா கார் ஒன்று எம் இல்லத்தில் உள்ளது. அவர் காலஞ்சென்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்னையாருக்கு வயது எழுபத்தாறு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அறுவை மருத்துவம் நடந்தபின், திங்களுக்கு இருமுறை சேலத்திற்குச் சென்று காட்டிவருதல் வேண்டும் என்று மருத்துவர் பணித்தனர். பாலக்கோட்டிலிருந்து தருமபுரி, அங்கிருந்து தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம். வாடகைக்கு வண்டி அமர்த்துவோம் என்று யாம் சொன்னபோதெல்லாம், "உங்கப்பா வண்டி சும்மாதானே நிக்குது?" என்பதே அன்னையாரின் மறுமொழி. அவ்வாறே அவ்வண்டியில் முதன்முறை சென்று திரும்பிய அன்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டதைக் கண்ணாடியிற் கண்டோம். கணவாயின் வளைவுகளில் வண்டி படகுபோல் ஒருபுறம் சாய்ந்து, நேர்ப்பட்ட பின்னும் இருமுறை ஆடியே நின்றது. அச்சாலை விபத்துக்குப் பேர்போனது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்செல்லும் வண்டிகளின்மேல் மோதிய செய்தி எம் மாவட்டத்தார்க்குப் புதிதன்று. ஆகவே அன்னையாரின் வலி, வண்டியிலுள்ளோரின் உயிர் ஆகிய இரண்டுமே அவ்வில்லமைப்பைச் சார்ந்து நின்றன.

அவ்வண்டியின் குலத்தையும் சிறிது கூறுவோம். அமெரிக்க நாட்டில் 1960-களில் நடுத்தரக் காரின் உடலுக்குள் பெரிய எஞ்சினை ஏற்றிப் பின்சக்கரங்களை உந்தச் செய்து விற்ற வண்டிகளுக்கு 'மஸில் கார்' என்று பெயர் உண்டாயிற்று; தமிழில் மல்லர் வண்டி எனலாம். 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்பதை அக்குலத்துக்கு மூத்தது என்பர் பலர். எஞ்சினுக்கு ஈடாக வில்லமைப்பு வளரவில்லை என்பது அம்மல்லர்கள் பலருக்கும் பொதுவான குறை. 1967-ஆம் ஆண்டின் செவ்ரலே கமாரோவில் பின்னச்சு இருபுறமும் ஒற்றைப் பட்டை வில்லின்மேல் நின்றது. விசையை அழுத்தி மிதித்தால் பட்டை முறுக்கிக்கொண்டு அச்சு துள்ளும். அடுத்த ஆண்டிலேயே ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றை அச்சுக்குப் பின்னுமாக மாற்றிவைத்தும், வலிமை மிக்க வகைகளுக்குப் பல பட்டைகள் அடுக்கிய வில்லைக் கொடுத்தும் அக்குறையைத் தணித்தனர். மல்லனுக்குத் தோள் மட்டும் போதாது, முழங்காலும் வேண்டும் என்பதை அவர்கள் விற்ற பிறகே கற்றனர் போலும்.

நம் நாட்டில் அத்தோற்றம் வாய்ந்தது கான்டெஸ்ஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட விக்டர் என்னும் காரின் வழிவந்த வி.எக்ஸ். வகையைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை 1984 முதல் 2002 வரை செய்து விற்றது. நீண்ட மூக்கும் அகன்ற தோளும் மல்லனுக்கு உரியன. தொடக்கத்தில் உள்ளே வைத்த எஞ்சினோ 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரைத்திறனும் உடைய பழைய எஞ்சின். அம்பாஸடர் காரை இழுத்ததும் அதுவே. பயில்வானின் சட்டையைப் பள்ளிச் சிறுவன் அணிந்தது போலாயிற்று. பின்னர் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. எம் தந்தையார் வாங்கியது இப்பிற்கால வண்டி. அம்பாஸடருக்குப் பின்புறம் பட்டை வில். கான்டெஸ்ஸாவுக்கு நான்கு மூலையிலும் சுருள் வில். பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைத்த ஒரே அச்சு. அது முன்பின் நகராதிருக்கக் கைகள். பக்கவாட்டில் நகராதிருக்கக் குறுக்கே ஒரு தண்டு. அதனைப் பான்ஹார்ட் தண்டு என்பர்.

எம் தமக்கையாரின் மகன் ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவன். மோட்டார் வண்டிகளில் தீராத மோகம் உடையவன். அவன் விடுமுறைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டு இஞ்ச் எறக்கிட்டாப் போதும், வண்டி ரோட்ட ஒட்டிக்கும். ஸ்பிரிங்க ஒரு சுத்து அறுத்துடலாம்" என்றான். வண்டி தாழ்ந்தால் சாய்வு குறையும் என்பது மெய்யே. ஆயினும் அவன் கூறிய வழி யாது செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

வில்லின் நீட்சி அதன்மேல் ஏற்றிய பாரத்துக்கு ஒத்திருக்கும் என்று இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். சுருள் வில்லின் கடினமோ இரண்டு மூன்று அளவுகளைப் பொறுத்தது. கம்பியின் தடிப்பு கூடினால் அதன் நான்காம் மடிக்கு ஏற்பக் கடினம் கூடும்: 12 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர்க் கம்பியை இட்டால், ஒரே ஒரு மில்லிமீட்டரால், வில் ஏறத்தாழ நூற்றுக்கு 38 பங்கு கடினமாகிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் கடினம் கூடும். எட்டுச் சுற்றுகள் வேலை செய்யும் வில்லில் ஒன்றை அறுத்தெறிந்தால் எஞ்சிய ஏழும் எட்டின் பாரத்தைத் தாங்க வேண்டும். ஆகவே வில் நூற்றுக்கு 14 பங்கு கடினமாகும். இதனோடு நின்றாலும் பொறுக்கலாம். வாயுச் சுடரால் அறுக்குங்கால் அவ்விடத்து எஃகின் பதம் கெடும். அறுத்த முனை தன் இருக்கையில் பொருந்தி அமராது. சக்கரம் மேலேறுதற்குரிய இடைவெளியில் இரண்டு அங்குலம் போய்விடுவதால், பள்ளத்தில் விழுந்தவுடன் அச்சு அடிப்பாகத்தில் இடிக்கும். பான்ஹார்ட் தண்டின் சாய்வு மாறிப் பின்னச்சும் சிறிது ஒருபுறம் ஒதுங்கும். எம் ஊர்த் தெருக்களிலுள்ள வேகத்தடைகளோ, எந்த விதிக்கும் உட்படாது அவரவர் மனம்போல் எழுப்பியவை. அவற்றின்மேல் வயிறு உரசாத வண்டிகளே குறைவு. இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப ஆயாவுக்கு இன்னும் வலிக்கும்" என்றான். அறிவுடைய பிள்ளை.

தருமபுரியில் அம்பாஸடர் காலத்திலிருந்தே தொழில் செய்துவரும் முதிய மெக்கானிக் ஒருவர் உளர். அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. பின்மூலையில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தி விட்டுவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். ஒருமுறை எழுந்து நிலைக்கு வந்து நிற்க வேண்டிய வண்டி மும்முறை ஆடியது. "இது வண்டி இல்ல தம்பி, தொட்டில்" என்றார். பின்பு அடியிற் புகுந்து, பின்கைகளின் முனையில் கடப்பாறையை நுழைத்து நெம்பிக் காட்டினார். முப்பது ஆண்டு கண்ட இரப்பர் பொடியாய் உதிர்ந்தது. அவர் சொன்ன சொல் ஒன்றே: "தேஞ்சத மாத்தாம புதுசா ஒண்ணும் மாட்டாதீங்க."

புதியவர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை யாம் எந்நூலிலும் காணவில்லை. வில்லமைப்பை மேம்படுத்துவது என்றவுடன் கடினமான வில், தடித்த தண்டு, தாழ்ந்த உடல் என்றே பலரும் எண்ணுவர். தேய்ந்த மூட்டுகளின்மேல் கடினமான வில்லை ஏற்றினால், வில் வாங்க வேண்டிய அடியை மூட்டுகள் வாங்கும். கெட்டது இன்னும் கெடும். பழுதற்ற நிலையில் அவ்வண்டி எவ்வாறு ஓடும் என்பதையே அறியாதவன், அதனை எத்திசையில் மாற்றுவது என்று எங்ஙனம் துணிவான்?

ஆகவே புஷ்களில் தொடங்கினோம். 2002-இல் நின்றுபோன வண்டிக்கு உதிரிப் பாகம் தேடுவது பழஞ்சுவடி தேடுவதை ஒக்கும். பாலக்கோட்டில் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, ஜே.சி. சாலைக் கடைகளில் இருநாள் அலைந்து பெற்றோம். பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாற் செய்த கடினமான புஷ்களும் இக்காலத்துக் கிடைக்கின்றன. அவை நெடுநாள் உழைக்கும்; சக்கரத்தைத் தளராது பிடிக்கும். ஆனால் சாலையின் அதிர்வை உள்ளே விடும். மசகு காய்ந்தால் கிறீச்சிடும். மருமகன் எல்லா இடத்திலும் அவற்றையே இட வேண்டும் என்றான். பின்னச்சைப் பிடிக்கும் கைகள் அச்சு சாயுந்தோறும் முறுக்கிக்கொடுக்க வேண்டியவை. அங்கே இரப்பரே தக்கது என்றார் முதியவர். பான்ஹார்ட் தண்டின் இரு முனைகளில் மட்டும் கடினமானது இருக்கலாம் என்று உடன்பட்டோம். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. இரப்பர் புஷ்ஷின் ஆணிகளை வண்டி சக்கரங்களின்மேல் தன் முழுப் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்குதல் வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கிய கணத்திலேயே இரப்பர் முறுக்குண்டு, அம்முறுக்கோடே வாழ்ந்து விரைவில் கிழியும். இச்சிறு செய்தியை அறியாது புது இரப்பரைப் பழித்தவர் பலர்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். வில் அடியை வாங்கி வைத்துக்கொள்ளுமேயன்றி அழிப்பதில்லை; வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். அதனை அழிப்பது இக்குழாயே. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்பட, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கழியும். ஓர் அச்சில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்றுதல் வேண்டும். ஓசூரில் கேப்ரியல் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்த் தொழிற்சாலையே உள்ளது. எனினும் எமது வண்டிக்குரியது எளிதில் அகப்படவில்லை. நீட்டிய நீளம், சுருக்கிய நீளம், இரு முனைகளின் அமைப்பு ஆகியவற்றைப் பழையதில் அளந்து எழுதிக்கொண்டே ஒத்ததைத் தேடினோம். பெயரைச் சொல்லி வாங்குவதினும் அளவைச் சொல்லி வாங்குவது நம்பத்தக்கது.

அன்னையார் பின்னிருக்கையில் அமர்பவர் ஆதலின், பின்வில்லை மட்டும் மிக மென்மையாக்கலாமே என்று அண்டை வீட்டார் ஒருவர் கூறினார். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் 1930-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸில் செய்த ஆய்வு வேறு சொல்கிறது. இவர் பின்னர் வாக்ஸாலிலும் பணியாற்றியவர். எமது வண்டியின் மூதாதையரைத் தொட்டவர் எனலாம். முன்சக்கரம் மேட்டில் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சிறிது தாழ்த்தே ஏறுகிறது. பின்வில் முன்வில்லினும் சற்று விரைந்து ஆடுமாயின், தாழ்த்துத் தொடங்கியதாயினும் முன்னதை எட்டிப் பிடித்து, இரண்டும் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழும். வண்டி மட்டமாகச் செல்லும். பின்வில் மென்மையாயின் தலை எழும்போது வால் தாழ்ந்து, வண்டி ஏற்றமரம் போல ஆடும். நடுங்கும் இடுப்புக்கு மட்டமான எழுச்சியே உகந்தது. ஏற்றமரத்து ஆட்டம் அன்று. எனவே வில் நான்கையும் தொடவில்லை. அவை சிறிது தொய்ந்திருந்தனவேயன்றி இருபுறமும் ஒத்த உயரத்தில் நின்றன, அது போதுமானது.

டயரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். ஓடாது நின்ற வண்டியின் டயரில் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். இரப்பரோ கல்லாய் இறுகியிருக்கும். தேயவில்லை என்று மகிழ்பவர் மழைநாளில் வருந்துவர். நான்கையும் மாற்றினோம். இறுதியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தோம். இதனை முதலிற் செய்தால், தேய்ந்த மூட்டுகளை மாற்றியபின் மறுபடியும் செய்ய நேரும்.

பின்சக்கர உந்து வண்டிக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. தொப்பூர் இறக்கத்தில் செல்வோர் அதனை மறத்தல் ஆகாது. இறக்கத்தில் பிரேக் காயாதிருக்கக் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்குவது முறை. அவ்வடக்கம் பின்சக்கரங்களில் மட்டுமே விழுகிறது. ஈரச் சாலையில் வளைவின் நடுவே கியரைத் திடீரெனக் குறைத்தாலோ, மிதித்த விசையைப் பட்டென விட்டாலோ, பின்சக்கரம் பிடிப்பிழந்து வால் வெளியே நழுவும். கியர் குறைப்பதை வளைவுக்கு முன்பே செய்துவிடுதல் வேண்டும். சாய்வைத் தடுக்கும் குறுக்குத் தண்டைப் பின்புறத்தில் தடித்ததாக இட்டால் இந்நழுவல் இன்னும் எளிதாகும். முன்புறத்தில் தடித்ததை இட்டால், முதலில் நழுவுவது முன்சக்கரமாக இருக்கும்; வேகத்தைக் குறைத்தாலே அது பெரும்பாலும் அடங்கும். ஆதலின் புதியவர் தண்டை மாற்ற விரும்பின் முன்புறத்திலேயே தொடங்குக. பின்புறத்தைப் பந்தயக்காரர்க்கு விட்டுவிடுக.

மாற்றம் செய்ய விழைவோர் சட்டத்தையும் அறிதல் நன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் செய்தவர் குறித்த அளவினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. தேய்ந்ததற்கு ஈடாக அதே வகைப் பாகத்தை இடுவதில் இவ்விடர் இல்லை. வழக்கறிஞர் அல்லாத யாம் இதற்குமேல் கூறுவது தகாது.

வேலை முடிந்தது ஐப்பசி மாதத்தில். அடுத்த வாரமே நல்ல மழையில் சேலத்திற்குச் சென்றோம். கணவாயில் எமக்கு முன்னே தக்காளி ஏற்றிய லாரி ஒன்று மெல்ல ஊர்ந்து இறங்கியது. அதன் வேகத்திலேயே யாமும் இறங்கினோம். வளைவுகளில் வண்டி சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் நின்று, மறு ஆட்டமின்றி நிமிர்ந்தது. வேகத்தடைகளில் அன்னையார் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதை அப்போதும் கண்டோம், பல்லைக் கடிக்கவில்லை. வலி முற்றும் நீங்கியது என்று எழுதினால் பொய்யாகும். சேலத்தில் இறங்கும்போது, "பரவால்லப்பா, வண்டி முந்தி மாதிரி தூக்கிப் போடல" என்றார். திரும்பி வருகையில் தொப்பூருக்கு மேல் ஏற்றத்தில் உறங்கியும் விட்டார். அவர் வண்டியில் உறங்கி யாம் கண்டது தந்தையார் மறைந்தபின் அதுவே முதன்முறை.

மருமகனுக்கு மட்டும் இன்னும் நிறைவு இல்லை. முன்புறத்துக்குத் தடித்த தண்டு ஒன்று பெங்களூரில் விலைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும் என்றும், அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து தெரிவிக்க வேண்டும் என்றும் மறுமொழி விடுத்துள்ளோம். அன்னையாரோ அவன் பக்கம். "புள்ள ஆசப்படறான், ஒரு கம்பிதானே, மாட்டிட்டுப் போகட்டும்" என்கிறார்.